வழிவிடலின் வரலாறு: வீதி, விதி, பயிற்சி

ஒடுங்கிய பாதையொன்றில் இருவர் எதிர்ப்படும்போது விலகி நிற்க வேண்டியவர் யாவர் என்னும் வினா மிகப் பழையது. பழைய சமுதாயங்கள் பலவற்றில் பிறப்பும் செல்வமும் பதவியுமே இவ்வினாவுக்கு விடையாயிருந்தன. பல்லக்கிலும் குதிரை வண்டியிலும் வந்தவனுக்குக் காலாள் ஒதுங்கினான். தென்னாசியச் சமுதாயங்களில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்கள் பாதையை விட்டே இறங்கி நிற்குமாறு பணிக்கப்பட்டனர். வழிவிடல் என்பது பணிவின் அடையாளம். வழிபெறல் அதிகாரத்தின் அடையாளம். இதுவே பல நூற்றாண்டுகளாக வீதியில் நிலவிய ஒழுங்கு எனலாம்.

இன்றைய வீதியின் ஒழுங்கு இதனின்றும் வேறுபட்டது. தலைகீழான முக்கோணப் பலகை நாட்டப்பட்ட சந்தியொன்றை அணுகும் சாரதி, குறுக்கே வருபவன் செல்வனா வறியவனா என்று ஆராய்வதில்லை; ஆராயவும் கூடாது. அவன் நிற்கும் இடமே அவனது கடமையை நிர்ணயிக்கின்றது. இம்மாற்றம் இயல்பாக நிகழ்ந்ததன்று. அது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்துப் பரிசோதனைகளாலும் தவறுகளாலும் உயிரிழப்புகளாலும் உருவானது. அவ்வளர்ச்சியைச் சுருக்கமாக நோக்குவதும், புதிதாக வாகனம் செலுத்தப் பழகுபவனுக்கு அவ்வரலாறு உணர்த்துவது யாது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகின்றது. முதலில் புதியவகை வீதியோ புதியவகை ஊர்தியோ தோன்றுகின்றது. அதனை ஆளும் விதி பிந்தி வருகின்றது. அவ்விதியைக் கற்பிக்கும் பயிற்சி அதனினும் பிந்தி வருகின்றது. இவ்விடைவெளிகளில் அகப்பட்டு இடருறுபவர்களுள் புதிய சாரதியும் பாதசாரியுமே முதன்மையானவர்கள்.

இயந்திர ஊர்தியின் வருகை

மோட்டார் வாகனம் தோன்றுமுன்னரே நீராவியால் இயங்கும் வீதி ஊர்திகள் பிரித்தானியாவில் இருந்தன. 1865ஆம் ஆண்டின் சட்டம் அவற்றின் வேகத்தை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல் எனவும் நகரத்தில் 2 மைல் எனவும் வரையறுத்தது. அன்றியும் ஊர்திக்கு முன்னே ஓர் ஆள் சிவப்புக் கொடியேந்தி நடந்து செல்லவேண்டும் எனவும் விதித்தது. இச்சட்டம் பிற்காலத்தில் நகைப்புக்கு இடமாயிற்று. ஆயினும் அதன் அடிப்படை நோக்கம் சிந்திக்கத்தக்கது. இயந்திரமே மனிதனுக்கு வழிவிட வேண்டும் என்பதே அந்நோக்கம்.

அக்கொள்கை நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள், இலண்டன் மாநகரின் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் பிரிஜெற் டிரிஸ்கோல் என்னும் பெண்மணி மோட்டார் வாகனம் மோதி உயிரிழந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வாகனத்தால் கொல்லப்பட்ட முதற் பாதசாரியாக அவர் குறிக்கப்படுகின்றார். மரண விசாரணையை நடத்திய அதிகாரி, இத்தகையதொரு நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்னும் விருப்பத்தைத் தெரிவித்தார் என்பர். அதே ஆண்டின் நவம்பர் மாதத்திலேயே, இலகுவான ஊர்திகளுக்கு முன்னே ஆள் நடக்கவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டதோடு வேக எல்லையும் மணிக்கு 14 மைலாக உயர்த்தப்பட்டது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 20 மைலாக்கியது. சாரதி அனுமதிப்பத்திரத்தை அறிமுகஞ் செய்ததும் அச்சட்டமே. ஆனால் அப்பத்திரத்தைப் பெறுவதற்குத் தேர்வு எதுவும் வேண்டப்படவில்லை; ஐந்து சிலிங் செலுத்தினாற் போதுமானது.

வாகனம் வைத்திருந்தோர் அக்காலத்தில் வசதி படைத்த சிறுபான்மையினர். வீதியில் நடந்தோர் பெரும்பான்மையினர். அவ்வாறிருந்தும் ஒதுங்க வேண்டியவன் நடப்பவனே என்னும் கருத்து மெல்ல மெல்ல நிலைகொண்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1910களிலும் 1920களிலும், வீதியைத் தன் விருப்பப்படி கடப்பவனை நாகரிகமறியாத பட்டிக்காட்டான் என இகழும் புதுச்சொல் ஒன்றை மோட்டார்த் துறையினர் பரப்பினர். நாளடைவில் அது குற்றத்தின் பெயராகவே சட்டத்தில் இடம்பெற்றது. பழைய சமுதாயத்தில் பல்லக்குக்கு இருந்த இடத்தை மோட்டார் வாகனம் எடுத்துக்கொண்டது என இதனைக் கருதுவதில் தவறில்லை.

விதிகளின் தோற்றம்

வாகனத்துக்கும் வாகனத்துக்குமிடையே எது முந்துவது என்னும் சிக்கல் அடுத்து எழுந்தது. நியூ யோர்க் நகரில் வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ என்பவர் வகுத்த வீதி விதிகள் 1903இல் நடைமுறைக்கு வந்தன. 1905இல் அந்நகரின் கொலம்பஸ் வட்டத்தில் ஊர்திகள் யாவும் ஒரே திசையில் சுற்றிச் செல்லும் முறை ஏற்படுத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் நகரின் கட்டடக் கலைஞரான இயூஜேன் ஏனார் சுற்றுவட்டச் சந்தி பற்றிய தமது திட்டத்தை வெளியிட்டார். 1907இல் பாரிஸின் எத்துவால் சதுக்கத்தில் ஒருதிசைச் சுழற்சி நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் லெச்வேர்த் நகரில் 1909ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் முதலாவது சுற்றுவட்டம் அமைந்தது.

எனவே சுழலும் திசை வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆனால் வட்டத்துக்குள் நுழைபவன் நிற்பதா, உள்ளே சுழல்பவன் நிற்பதா என்பது வரையறுக்கப்படவில்லை. பிரான்சில் வலப்புறத்திலிருந்து வருபவனுக்கே முன்னுரிமை என்னும் பொதுவிதி வழங்கிற்று. அந்நாட்டில் ஊர்திகள் வீதியின் வலப்பக்கமாகச் செல்வதால், வட்டத்துள் நுழைபவன் உள்ளிருப்பவனுக்கு வலப்புறத்தே தோன்றுவான். ஆகவே நுழைபவனுக்கே முன்னுரிமை கிடைத்தது. இதன் விளைவைப் பின்னர் நோக்குவோம்.

1930களின் பிரித்தானியா

பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் முக்கியமானதொரு திருப்பமாகும். அது கார்களுக்கான வேக எல்லையை அறவே நீக்கியது. மறுபுறத்தில் வீதி ஒழுக்கக் கோவையொன்றை வெளியிடவும் வழிசெய்தது. ஒரு பென்னி விலையில் அக்கோவை 1931இல் வெளிவந்தது. அப்போது அந்நாட்டில் ஓடிய மோட்டார் ஊர்திகள் ஏறத்தாழ 23 இலட்சம் மாத்திரமே. ஆயினும் ஆண்டுதோறும் 7,000க்கு மேற்பட்டோர் வீதிகளில் மாண்டுகொண்டிருந்தனர். ஊர்திகள் பன்மடங்கு பெருகிவிட்ட இந்நாளில் அந்நாட்டின் ஆண்டு இழப்பு அதன் காற்பங்கு அளவே என்பதை ஒப்புநோக்கின், அன்றைய நிலையின் கொடுமை நன்கு விளங்கும்.

சாரதித் தேர்வு இதற்கும் பின்னரே வந்தது. லெஸ்லி ஹோர்-பெலிஷா போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் விரும்பியோருக்கும், யூன் மாதம் முதலாம் நாள் தொடக்கம் 1934 ஏப்ரிலுக்குப் பின் செலுத்தத் தொடங்கிய அனைவருக்கும் அத்தேர்வு நடத்தப்பட்டது. தேர்வு நிலையங்கள் எவையும் இல்லாமையால், பரீட்சகர்கள் புகையிரத நிலையங்களிலும் பூங்காக்களின் அருகிலும் பரீட்சார்த்திகளைச் சந்தித்தனர். பயிலுநரைக் குறிக்கும் ‘எல்’ எழுத்துப் பலகையும் அவ்வாண்டின் படைப்பே. அப்பலகை ஒரு சிறு அட்டைத் துண்டாயினும் அதன் பொருள் பெரிது. வீதியிலுள்ள ஏனையோரை நோக்கி, “இவன் இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றான், இவனுக்குச் சற்று இடங்கொடுங்கள்” என அது கேட்கின்றது. வழிவிடல் சட்டத்துக்கு அப்பாலும் விரியக்கூடியது என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

முதல் ஊர்தி வீதிக்கு வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னரே கட்டாயத் தேர்வு வந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

முக்கோணப் பலகை

சந்திகளில் முழுமையாக நிறுத்தும்படி கட்டளையிடும் பலகைகள் முன்னரே இருந்தன. ஆனால் குறுக்கே எவரும் வராதபோதும் நிற்க வேண்டுமா? நில்லாது செல்லின் மோதலுக்குப் பொறுப்பாளி யார்? ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துத் தல்சா நகரில் பொலிஸ் அலுவலராயிருந்த கிளின்டன் றிக்ஸ் இவ்வினாக்களுக்கு விடைதேடினார். 1950இல் அந்நகரின் ஆபத்தான சந்திகளுள் ஒன்றில், வழிவிடுமாறு கூறும் மஞ்சட் பலகையை அவர் நாட்டுவித்தார். நிறுத்து என்னும் சொல் சாரதியின் காலுக்கு இடும் கட்டளை. வழிவிடு என்னும் சொல் அவனது கண்ணுக்கும் அறிவுக்கும் இடும் கட்டளை. நோக்கு, கணி, தேவையாயின் நில் என அது கூறுகின்றது. தீர்மானிக்கும் பொறுப்பு பொலிஸாரின் கையிலிருந்து சாரதியின் உள்ளத்துக்கு மாற்றப்பட்டது.

பிரித்தானியாவில் வேர்பொய்ஸ் குழுவினரின் 1963ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வீதிக் குறியீடுகள் யாவும் சீர்செய்யப்பட்டன. தலைகீழ் முக்கோணமும் அதனுள் வழிவிடும்படி கூறும் சொற்களும் கொண்ட பலகை 1965 முதல் அந்நாட்டு வீதிகளிற் பரவலாயிற்று.

வட்டம் கற்பித்த பாடம்

வழிவிடலின் வரலாற்றில் மிகச் சிறந்த பரிசோதனை சுற்றுவட்டத்திலேயே நிகழ்ந்தது. பிரித்தானியாவில் 1966 வரை சுற்றுவட்டத்தில் எவருக்கு முன்னுரிமை என நாடுமுழுவதற்குமான தெளிவான விதி இருக்கவில்லை. நுழைபவனும் சுழல்பவனும் ஒருவரோடொருவர் பின்னிப் பிணைந்து செல்வர் என்றே பொறியியலாளர் கருதினர். அதற்கு நீண்ட இடம் வேண்டியிருந்தமையால் வட்டங்களும் மிகப் பெரியனவாக அமைக்கப்பட்டன. ஊர்திகள் குறைவாயிருந்த காலத்தில் இம்முறை பயன்தந்தது. அவை பெருகியபோது வட்டங்கள் பூட்டிக்கொண்டன.

அவ்வாறு பூட்டிக்கொண்டமைக்கான காரணம் எளிது. நான்கு வாயில்களாலும் ஊர்திகள் ஒருசேர நுழைந்தால் வட்டம் நிரம்பிவிடும். வெளியேற விரும்புபவன் தன் வாயிலை அடைவதற்கு, நடுவே புகுந்தவன் நகர வேண்டும். அவன் நகர்வதற்கு அவனுக்கு முன்னுள்ளவன் நகர வேண்டும். அம்முன்னவனோ முதலாமவன் வெளியேறாமையால் நின்றிருப்பான். ஒவ்வொருவனும் முந்த முயல்வதால் எவனும் நகரமுடியாத நிலை ஏற்பட்டது. பொலிஸார் வந்து கையசைத்தே அம்முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது.

வீதி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் பிளக்மோர் இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர். வட்டத்துக்குள் நுழைபவன், வலப்புறமாகச் சுழன்று வருபவனுக்கு வழிவிட வேண்டும் என்பதே அத்தீர்வு. பரிசோதனைகளின் பின்னர், 1966 நவம்பரில் அது நாடு முழுவதுக்குமான விதியாயிற்று. உள்ளே இருப்பவனுக்குத் தடையில்லை. ஆகவே அவன் வெளியேறுவான். அவன் வெளியேறுவதால் அடுத்தவனுக்கு இடம் கிடைக்கும். வட்டம் தன்னைத்தானே வெறுமையாக்கிக்கொள்ளும். கல்லோ சீமெந்தோ புதிதாக இடப்படவில்லை. வீதி அகலமாக்கப்படவும் இல்லை. காத்திருக்க வேண்டியவன் யாவன் என்பது மாத்திரமே மாற்றப்பட்டது. காத்திருக்கும் நேரமும் விபத்துகளும் குறைந்தன. பின்னிச் செல்வதற்கான நீண்ட இடம் தேவையற்றுப் போகவே, பிளக்மோர் 1969இல் பீற்றர்பரோவில் சிறு சுற்றுவட்டத்தையும், 1972இல் ஸ்வின்டனில் ஐந்து சிறுவட்டங்களை ஒன்றுசேர்த்த புகழ்பெற்ற சந்தியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

நுழைபவனுக்கே முன்னுரிமையளித்துவந்த பிரான்சும் இதனைக் கண்டு தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1984 முதல் அந்நாட்டில் அமைக்கப்பட்ட புதுவகைச் சுற்றுவட்டங்களில் நுழைபவனே வழிவிட வேண்டும் என்பது விதியாயிற்று. அதன்பின் அங்கு பல்லாயிரக்கணக்கான வட்டங்கள் எழுந்தன. பாரிஸின் எத்துவாலில் பழைய முறை இன்றும் தொடர்கின்றது. அங்கு நிகழும் நெரிசல் உலகப் பிரசித்தமானது.

காத்திருத்தல் இழப்பாகும் என்பது தனிமனிதனின் முதற்கணிப்பு. ஆனால் அனைவரும் முறைப்படி காத்திருப்பின் ஒவ்வொருவனும் விரைவிற் செல்லலாம் என்பதை வட்டம் ஐயத்துக்கிடமின்றி நிறுவிற்று.

நெடுஞ்சாலையில் இணைதல்

சந்தியில் வழிவிடுதற்குக் கற்ற சமுதாயம், அதிவேக நெடுஞ்சாலை தோன்றியபோது முற்றிலும் வேறான திறனொன்றைக் கற்கவேண்டியதாயிற்று. ஜேர்மனியில் கெல்ன், பொன் நகர்களை இணைத்த நெடுஞ்சாலை 1932 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பிரித்தானியாவில் பிரெஸ்ரன் நகருக்குப் புறம்பே சென்ற முதலாவது நெடுஞ்சாலை 1958 டிசம்பரிலும், எம்1 எனப்படும் பெருவழியின் முதற்பகுதி 1959 நவம்பரிலும் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் அங்கு வேக எல்லை இல்லை. மணிக்கு 70 மைல் என்ற எல்லை 1965 டிசம்பரிலேயே பரீட்சார்த்தமாகப் புகுத்தப்பட்டது.

இச்சாலைகளில் குறுக்குச் சந்தி கிடையாது. பக்கவாட்டில் நீளும் நிரலொன்றில் வேகத்தைக் கூட்டி, ஓடிக்கொண்டிருக்கும் ஊர்திகளுக்கிடையே இடைவெளி கண்டு இணைதல் வேண்டும். முன்னுரிமை பிரதான நிரலில் ஓடுபவனுக்கே உரியது. இணைபவன் வழிவிட வேண்டும். ஆனால் ஈண்டு வழிவிடல் என்பது பெரும்பாலும் நிற்றல் அன்று என்பதைப் புதிய சாரதி உணர்தல் அவசியம்.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஊர்தி ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் செல்லும். இணைபவன் அச்சத்தால் 50 கிலோமீற்றர் வேகத்தில் உட்புகுந்தால், பின்னே 100 மீற்றர் தொலைவில் வருபவன் ஏழு செக்கன்களில் அவனை எட்டிவிடுவான். அவன் நிரலின் முடிவில் முற்றாக நின்றுவிட்டுப் பின் புறப்பட்டால், அதே தொலைவைப் பின்னால் வருபவன் நான்கு செக்கன்களுக்குள் கடந்துவிடுவான். நின்ற ஊர்தி உரிய வேகத்தை அடைவதற்கோ அதனைவிட நீண்ட நேரம் வேண்டும். இருவரின் வேகமும் ஒத்திருப்பின் இரண்டு செக்கன் இடைவெளியே பின்தொடர்வதற்குப் போதுமானது. ஆகவே நகர வீதியில் புதியவனைக் காத்த மெதுவான போக்கே நெடுஞ்சாலையின் வாயிலில் அவனுக்குப் பகையாகின்றது. முன்கூட்டியே கண்ணாடியிலும் தோளுக்கு மேலாகவும் நோக்குதல், சமிக்ஞை காட்டுதல், இடைவெளியொன்றைத் தெரிந்து அதற்கேற்ப வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்தல், ஒத்த வேகத்தில் மென்மையாக நுழைதல் என்பனவே இத்திறனின் கூறுகள். தக்க இடைவெளி இல்லையெனின் முன்னுரிமை தனதன்று என்பதை ஏற்று அவன் நிரலுக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும்.

மறுபுறத்தில், பிரதான நிரலில் ஓடுபவனுக்கும் கடமை உண்டு. சட்டப்படி முன்னுரிமை தனதாயினும், இடமிருந்தால் அடுத்த நிரலுக்கு மாறியோ வேகத்தைச் சற்றுத் தளர்த்தியோ இணைபவனுக்கு உதவுதல் நல்லொழுக்கமாகும். இரு நிரல்கள் ஒன்றாக ஒடுங்குமிடத்தில், ஒடுக்கம் தொடங்கும் இடம்வரை சென்று, இப்பக்கம் ஒன்று அப்பக்கம் ஒன்றாக மாறிமாறி இணையும் முறையை ஜேர்மனி சட்டத்திலேயே சேர்த்துள்ளது. பல்லோடு பல் இணையும் சிப்பின் பெயராலேயே அம்முறை அங்கு வழங்கப்படுகின்றது.

இத்துணை நுட்பமான திறன் எவ்வாறு கற்பிக்கப்பட்டது? விடை வியப்பளிப்பது. பிரித்தானியாவில் பயிலுநர் நெடுஞ்சாலையில் நுழைவது தடைசெய்யப்பட்டிருந்தது. தேர்வில் சித்தியடைந்த அன்றே அவர் தனியே அதிற் செல்லலாம். ஆனால் முதல்நாள் ஆசிரியரோடு செல்லவும் இயலாது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னர், 2018 யூன் 4ஆம் நாள் முதலே, இரட்டைக் கட்டுப்பாடு பொருத்திய வாகனத்தில், அங்கீகாரம் பெற்ற ஆசிரியருடன் பயிலுநர் நெடுஞ்சாலைக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். வீதி 1958இல் வந்தது. பயிற்சி 2018இல் வந்தது. இடைப்பட்ட தலைமுறைகள் எவருடைய துணையுமின்றி, ஏனையோரின் பொறுமையை நம்பியே அத்திறனைக் கற்றன.

எமது நாட்டின் நிலை

இலங்கை, வீதியின் இடப்பக்கமாகச் செல்லும் வழக்கத்தையும், சுற்றுவட்டத்தில் வலப்புறத்து ஊர்திக்கு வழிவிடும் முறையையும் பிரித்தானிய மரபோடு பகிர்ந்துகொள்கின்றது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் இன்றும் எமது வீதி ஒழுங்கின் அடித்தளமாகும். கொட்டாவையிலிருந்து காலி வரையிலான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பர் 27ஆம் நாள் திறக்கப்பட்டது. 2013இல் கட்டுநாயக்கா நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் நிரலில் இணைதல் என்னும் செயல் அதன் பின்னரே எமது சாரதிகளுக்கு அன்றாட அனுபவமாயிற்று.

பேருந்தும் முச்சக்கரவண்டியும் மோட்டார்ச் சைக்கிளும் நெருங்கியோடும் நகர வீதிகளிலேயே எமது பயிலுநர் பயிற்சி பெறுகின்றனர். பெரிய ஊர்தி முன்னேறச் சிறிய ஊர்தி ஒதுங்குவதையே அவர்கள் அங்கு நாள்தோறும் காண்கின்றனர். சட்டம் ஒன்றைக் கூற, வீதி வேறொன்றைக் கற்பிக்கின்றது. பல்லக்குக் காலத்து விடை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அத்தகைய வீதியிற் பழகிய இளைஞனொருவன் அனுமதிப்பத்திரத்துடன் நெடுஞ்சாலையின் இணைப்பு நிரலை முதன்முறை அணுகும்போது, அவனிடம் உள்ள பழக்கங்கள் இரண்டே: அஞ்சி நிற்றல், அல்லது முட்டிமோதிப் புகுதல். இரண்டும் அங்கே உயிருக்கு உலைவைப்பன. பிரித்தானியாவுக்கு நேர்ந்த அறுபதாண்டுத் தாமதம் எமக்கும் நேரவேண்டும் என்னும் நியதி எதுவுமில்லை. பிறர் பட்டறிந்த பாடத்தை முன்கூட்டியே கற்றுக்கொள்வதற்காகவே வரலாறு பயிலப்படுகின்றது.

முடிவுரை

2022 ஜனவரி 29ஆம் நாள் பிரித்தானியாவின் வீதி ஒழுக்கக் கோவை திருத்தப்பட்டது. பிறருக்குக் கூடிய தீங்கு விளைக்கக்கூடிய ஊர்தியைச் செலுத்துபவனுக்கே ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பும் கூடுதலாக உண்டு என்னும் கொள்கை அதில் இடம்பெற்றது. சந்தியில் வீதியைக் கடக்கக் காத்துநிற்கும் பாதசாரிக்குத் திரும்பும் ஊர்தி வழிவிட வேண்டும் எனவும் அது அறிவுறுத்தியது. சிவப்புக் கொடிக் காலத்தின் கருத்து, அதன் கேலிக்குரிய வடிவம் நீங்கி, ஒன்றரை நூற்றாண்டின் பின் மீண்டுள்ளது என இதனைக் கொள்ளலாம்.

தொகுத்து நோக்கின், வழிவிடலின் வரலாறு மூன்று படிகளைக் கொண்டது. வலியவனுக்கு மெலியவன் ஒதுங்கியமை முதற்படி. நிற்கும் இடத்தைக் கொண்டு கடமை வரையறுக்கப்பட்டமை இரண்டாம் படி. தீங்கு செய்ய வல்லவனே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மூன்றாம் படி. அந்நாட்டுக் கோவை எவருக்கும் எச்சூழ்நிலையிலும் முன்னுரிமையைச் சொத்தாக வழங்குவதில்லை. எப்போது பிறருக்கு வழிவிட வேண்டும் என்பதையே கூறுகின்றது. முன்னுரிமை ஒருவன் எடுத்துக்கொள்வதன்று, மற்றவன் கொடுப்பது. இவ்வுண்மையை உணராதவன் பல ஆண்டுகள் வாகனம் செலுத்தியவனாயினும் பயிலுநனே. அதனை உணர்ந்தவன் ‘எல்’ பலகையைக் கழற்றாதபோதும் நல்ல சாரதியாவதற்கான வழியிற் கால்வைத்தவனாவான்.